இரவல் ஆயுதம், சொந்த ஒழுங்கு: ரோமானியத் துணைக் குதிரைப்படையின் நானூறு ஆண்டுகள்

ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுத உட்காருபவர் முதலில் தேடுவது அதன் பழைய பதிவேடுகளைத்தான். ரோமானியப் பேரரசின் துணைக் குதிரைப்படைக்கும் அப்படி ஒரு பதிவேட்டின் துண்டு கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கார்லைல் நகரில், ரோமானியர் கோட்டை இருந்த இடத்தின் ஈர மண்ணிலிருந்து, மையால் எழுதப்பட்ட மெல்லிய மரப்பலகைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, டோசிலிஸ் என்பவர் தம் தளபதி ஆகுரினஸுக்கு அனுப்பிய அறிக்கை. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்டது. சண்டை ஈட்டி இல்லாதவர் யார், சிறிய எறியீட்டிகள் இல்லாதவர் யார், விதிப்படியான வாள் இல்லாதவர் யார் என்று தளபதி கேட்டிருக்கிறார். டோசிலிஸ் அணிவாரியாகப் பிரித்து, ஆள் பெயரோடு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஈட்டி தொலைவது எந்தப் படையிலும் நடப்பதுதான். தொலைந்ததற்குப் பெயர்வாரியாகக் கணக்குக் கேட்கும் தளபதி எல்லாப் படைக்கும் வாய்ப்பதில்லை. ரோமானியக் குதிரை வீரனின் சேணம், வாள், வளையக் கவசம், நெடுவேல் ஆகியவற்றில் பெரும்பாலானவை பிற இனத்தாரிடமிருந்து வந்தவை. அவற்றைக் கணக்கில் ஏற்றி, பயிற்சியில் பழக்கி, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்த ஒழுங்கு மட்டும் ரோமின் சொந்தச் சரக்கு. அந்த நிறுவனம் பிறந்து வளர்ந்த கதையை அதன் ஆயுதங்களின் வழியே இக்கட்டுரை சொல்ல முயல்கிறது.

தோற்றம்

ரோமானியர்கள் அடிப்படையில் காலாட்படைக்காரர்கள். குடியரசுக் காலத்தின் இறுதிக்குள் ரோமானியக் குடிமக்களே குதிரையேறிப் போரிடும் வழக்கம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஜூலியஸ் சீசர் கால் நாட்டில் (இன்றைய பிரான்சும் அதைச் சூழ்ந்த பகுதிகளும்) போரிட்டபோது அவருடைய குதிரைப்படை அந்நாட்டுக் குலத்தலைவர்கள் அனுப்பிவைத்த படைதான். கி.மு. 58இல் ஜெர்மானியத் தலைவன் அரியோவிஸ்டஸுடன் குதிரைமேல் இருந்தபடி பேச்சுவார்த்தை நடத்த வேண்டி வந்தது. கால் நாட்டுக் குதிரைக்காரர்களை நம்பி உயிரை ஒப்படைக்க சீசருக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய குதிரைகளை வாங்கி, தம் பத்தாம் லீஜியனின் (ரோமானியக் குடிமக்களின் படைப்பிரிவு) காலாட்களை அவற்றின்மேல் ஏற்றிக் கூட்டிச் சென்றார். ஆறு ஆண்டுகள் கழித்து, ரைன் ஆற்றுக்கு அப்பாலிருந்து வரவழைத்த ஜெர்மானிய வீரர்களின் குதிரைகள் தரக்குறைவாக இருந்ததைக் கண்டு, தம் அதிகாரிகளின் நல்ல குதிரைகளை வாங்கி அவர்களுக்குக் கொடுத்தார்.

இரண்டு நிகழ்ச்சிகளும் காட்டுவது ஒன்றையே. குதிரையேற்றத் திறமை ரோமுக்கு வெளியே இருந்தது; அதை நம்பகமாகக் கட்டிப்போடும் ஏற்பாடு அதுவரை ரோமிடம் இல்லை. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில்தான் குடிமக்கள் அல்லாதோரின் துணைப்படைகள் நிரந்தரப் படைகளாக உருப்பெற்றன. குதிரைப்படைப் பிரிவுக்கு ‘ஆலா’ என்று பெயர். பிரிவு ஒன்றில் சுமார் 500 பேர். அது 16 அணிகளாகப் பிரிந்திருக்கும். ஓர் அணியில் முப்பது பேரை ஒட்டி இருப்பார்கள். அணியின் பெயர் டுர்மா, அணித்தலைவர் டெக்குரியோ. பின்னாளில் 24 அணிகள் கொண்ட ‘ஆயிரவர்’ பிரிவுகளும் உருவாயின. காலாட்களும் குதிரைக்காரர்களும் கலந்த கோஹோர்ட் என்ற துணைப்படைகள் தனி. அவற்றின் குதிரைக்காரர்களுக்கு ஆலா வீரர்களைவிடச் சம்பளம் குறைவு.

நிறுவனத்தின் முதல் பெரிய சோதனை கி.பி. 69–70இல் வந்தது. ரைன் கழிமுகத்துப் பட்டேவியர்கள் சிவிலிஸ் தலைமையில் கலகம் செய்தபோது, ரோமின் செலவில் பயிற்சி பெற்ற துணைப்படைகளே ரோமுக்கு எதிராகத் திரும்பின. டிரெவெரி குலத்துக் குதிரைப்படைப் பிரிவின் தளபதி ஜூலியஸ் கிளாசிகஸ் கலகத்தின் தலைவர்களுள் ஒருவர். கலகம் அடங்கியபின் படைப்பிரிவுகளைச் சொந்த மண்ணிலிருந்து தொலைவில் நிறுத்தும் போக்கு வலுத்தது. திரேசியனும் ஸ்பானியனும் பிரிட்டன் மழையில் காவல் நிற்கும் காட்சி அதன்பின் இயல்பாகிவிட்டது.

சேணம்: அங்கவடி இல்லாத காலம்

குதிரை வீரன் என்றதும் நம் மனக்கண்ணில் அங்கவடியில் கால் ஊன்றி நிமிர்ந்தவன்தான் தோன்றுவான். ரோமானியக் குதிரைப்படைக்கு அங்கவடியே தெரியாது. ஐரோப்பாவுக்கு அது வந்தது மேற்கு ரோமானியப் பேரரசு வீழ்ந்து நெடுங்காலம் ஆனபின். அப்படியானால் கவசம் பூண்ட ஒருவன் ஓடும் குதிரையின்மேல் இருந்து வாளை ஓங்கி வெட்டியது எப்படி? தாக்கிய வேகத்தில் அவனே கீழே விழுந்திருக்க மாட்டானா? நீண்ட காலம் அறிஞர்கள் ரோமானியக் குதிரைப்படையைக் குறைத்து மதிப்பிட இந்தக் கேள்வியே காரணம்.

விடை சேணத்தில் இருந்தது. அதற்கு நான்கு மூலைகளிலும் நான்கு கொம்புகள். முன்னிரண்டு கொம்புகள் தொடையின்மேல் வளைந்து அழுத்தும். பின்னிரண்டு கொம்புகள் இடுப்பைத் தாங்கும். வீரன் சாய்ந்தாலும் திரும்பினாலும் ஏதேனும் ஒரு கொம்பு அவனைப் பிடித்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையை 1905 முதல் 1910 வரை அகழ்ந்த ஜேம்ஸ் கர்ல் கண்டெடுத்த பொருள்களில் இந்தக் கொம்புகளுக்கான வெண்கலத் தகடுகளும் இருந்தன. நெதர்லாந்தின் வால்கன்பர்கில் சேணத்தின் தோலுறை கிடைத்தது. தோலில் இருந்த தையல் தடங்களையும் தேய்மானங்களையும் வைத்து ஆங்கிலேய ஓவியரும் ஆய்வாளருமான பீட்டர் கானலி 1980களில் அந்தச் சேணத்தை மீண்டும் செய்து, குதிரையில் பூட்டிச் சோதித்துக் காட்டினார். ஈட்டி எறியவும், பக்கவாட்டில் சாய்ந்து வெட்டவும் அது போதிய பிடிமானம் தந்தது. கொம்புகளுக்குள் மரச்சட்டம் இருந்ததா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு தொடர்கிறது.

இந்தச் சேணம் கெல்டிய மக்களிடமிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. இதில் அமர்வது எளிது; ஏறுவது கடினம். காலை வைத்து ஏற அங்கவடி கிடையாது. எனவே கவசத்தோடு துள்ளி ஏறுவது பயிற்சியின் முதல் பாடமாயிற்று. மரக்குதிரைகள் செய்து வைத்து, குளிர்காலத்தில் கூரைக்கு அடியிலும் கோடையில் திறந்தவெளியிலும், முதலில் ஆயுதமில்லாமலும் பிறகு ஆயுதத்தோடும், வலப்புறத்திலிருந்தும் இடப்புறத்திலிருந்தும் ஏறிப் பழக வேண்டும் என்று ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜிடியஸ் எழுதுகிறார்.

வாளும் வேலும்

யூதப் போரை எழுதிய ஜோசபஸ், குதிரை வீரனின் ஆயுதங்களை வரிசையாகச் சொல்கிறார். வலது இடுப்பில் நீண்ட வாள். கையில் நெடிய வேல். குதிரையின் விலாவில் சாய்வாகத் தொங்கும் கேடயம். அம்பறாத்தூணி போன்ற உறையில் மூன்றோ அதற்கு மேலோ எறியீட்டிகள், அகன்ற முனையோடு. அவர் சொல்வதும் கார்லைல் பட்டியலும் அநேகமாக ஒத்துப்போகின்றன. எழுத்தாளரின் வருணனையும் படை அலுவலகத்தின் சரக்குக் கணக்கும் இப்படிச் சேர்ந்து கிடைப்பது பண்டைய வரலாற்றில் அரிது.

வாளின் பெயர் ஸ்பாத்தா. லீஜியன் காலாளின் குட்டை வாள் நெருக்கத்தில் நின்று குத்துவதற்கு. குதிரைமேல் இருப்பவன் தரையில் நிற்பவனை எட்ட வேண்டும் என்பதால் ஸ்பாத்தாவின் அலகு 60 செ.மீ.க்கு மேல் நீண்டிருக்கும். இதற்கு முன்னோடி கெல்டியரின் நெடுவாள். இங்கிலாந்தின் வின்டொலாண்டா கோட்டையில் 2017இல் 2ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் குதிரைப்படைக் குடியிருப்பின் தரையில் இத்தகைய வாள்கள் இரண்டு கிடைத்தன. அதே குடியிருப்பில் பிள்ளைகள் விளையாடிய மரவாள்களும் கிடந்தன. எல்லைக் கோட்டைக்குள் படை மட்டுமன்றிக் குடும்பங்களும் வாழ்ந்ததற்கு அவை சாட்சி.

எறியீட்டி ஆலா வீரனின் தனிப்பெருமை. ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தளபதியாக இருந்த காலத்தில் மூத்த பிளினி எழுதிய முதல் நூலே, குதிரைமேல் இருந்து ஈட்டி எறிவது பற்றியதுதான். அந்நூல் அழிந்துவிட்டது. ஆனால் ஜெர்மனியின் சான்டனில் கிடைத்த குதிரை அணிகலன்களில் வெள்ளி பூசிய வட்டத் தகடு ஒன்றில், குதிரைப்படைத் தளபதி பிளினியின் பெயர் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இப்போது அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பின்னாளில் தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் முசிறித் துறைமுகத்தைக் குறிப்பிட்டு, இந்திய வணிகத்தால் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் வெளியேறுகிறது என்று குறைபட்டுக்கொண்டவரும் இதே பிளினிதான்.

நெடுவேலிலும் காலத்துக்கேற்ற மாற்றம் வந்தது. டான்யூப் ஆற்றுக்கு அப்பால் சர்மேஷியர்கள் இரு கைகளாலும் பிடித்துத் தாக்கும் மிக நீண்ட வேலைக் கையாண்டார்கள்; கான்டஸ் என்று அதற்குப் பெயர். அந்த வேலோடு வந்தவர்களை எதிர்கொண்ட ரோமானியர்கள், அதையே ஆயுதமாகக் கொண்ட ஆயிரவர் பிரிவு ஒன்றைப் பேரரசர் டிராஜன் காலத்தில் அமைத்தார்கள். அடுத்து ஹேட்ரியன் காலத்தில் வீரனும் குதிரையும் கவசம் பூண்ட கனரகப் பிரிவு வந்தது.

இந்தக் கொடுக்கல் வாங்கலை ரோமானியர்கள் மறைக்கவில்லை. கப்படோசியாவின் ஆளுநராக இருந்த அரியன் 136ஆம் ஆண்டளவில் எழுதிய போர்க்கலை நூலில் இதைப் பெருமையாகவே சொல்கிறார். தமக்கு உரியதை மட்டும் பிடித்துக்கொண்டிராமல் எங்கு நல்லது கண்டாலும் ரோமானியர் எடுத்துக்கொண்டார்கள். பிறரிடமிருந்து வந்த ஆயுதங்கள் இன்று ரோமானிய ஆயுதங்கள் என்று பெயர் பெற்றது, அவற்றை ரோமானியர் சிறப்பாகக் கையாண்டதால் என்பது அவர் கருத்து.

கவசமும் கேடயமும்

உடற்கவசம் இரண்டு வகை. இரும்பு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த வளையக் கவசம் ஒன்று. சிறு உலோகத் தகடுகளை வரிசையாகத் தைத்த செதில் கவசம் மற்றொன்று. முன்னது கெல்டியரிடமும் பின்னது கிழக்கத்தியரிடமும் பழக்கத்தில் இருந்தவை. கேடயம் மரப்பலகையால் ஆனது, தோல் போர்த்தியது, நீள்வட்டமாகவோ அறுகோணமாகவோ இருக்கும்.

இவை உடம்பில் எப்படிப் பொருந்தின என்பதற்குக் கல்லறைக் கற்களே நல்ல சான்று. இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் 1928இல் கிடைத்த லோங்கினஸ் என்ற திரேசிய வீரனின் கல் புகழ்பெற்றது. 40 வயதும் 15 ஆண்டு பணியும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. செதில் கவசத்தோடு குதிரைமேல் நிமிர்ந்திருக்கிறான். குதிரைக்கு அடியில் பகைவன் ஒருவன் ஒடுங்கிக் கிடக்கிறான். லங்காஸ்டரில் 2005இல் வெளிப்பட்ட இன்சஸ் என்பவனின் கல் இன்னும் கடுமையானது. உருவிய வாளைப் பிடித்த கையிலேயே வெட்டிய தலையும் தொங்குகிறது. தலையிழந்த உடல் குதிரைக்கு அடியில். சிற்பி குதிரையின் வார்களையும் அணிகளையும்கூட விட்டுவைக்காமல் செதுக்கியிருக்கிறார். டிரெவெரி குலத்தவனான இன்சஸுக்கு அந்தக் கல்லை எடுப்பித்தவள் அவனுடைய வாரிசு டொமிஷியா.

விழாக்கோலம்

துணைக் குதிரைப்படையின் பொருள்களில் இன்று அருங்காட்சியகக் கூட்டத்தை ஈர்ப்பவை முகமூடித் தலைக்கவசங்கள். இங்கிலாந்தின் ரிப்செஸ்டரில் 1796இல் ஒரு சிறுவன் கண்டெடுத்த தலைக்கவசம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கம்ப்ரியாவின் கிராஸ்பி காரெட்டில் 2010இல் உலோகம் கண்டறியும் கருவியோடு திரிந்த ஒருவருக்குக் கிடைத்தது மற்றொன்று. அதே ஆண்டு லண்டன் ஏலத்தில் அது சுமார் 23 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. கார்லைல் அருங்காட்சியகம் முயன்றும் எட்ட முடியவில்லை.

இவற்றை எதற்கு அணிந்தார்கள் என்பதை அரியன் விளக்குகிறார். குதிரைப்படைக்கென்று ஆயுதப் பயிற்சி விழா ஒன்று உண்டு. தேர்ந்த வீரர்கள் பொன்முலாம் பூசிய தலைக்கவசம் அணிவார்கள். முகம் முழுவதையும் மூடும் அதில் கண்ணுக்கு மட்டும் திறப்பு. உச்சியில் மஞ்சள் நிறக் குஞ்சம். குதிரைகளுக்கும் முகக்காப்பு. வேகத்தில் காற்று புகுந்து உப்பிப் பாம்பாய்ச் சீறும் வண்ணத் துணிக்கொடிகள் சிதியரிடமிருந்து வந்தவை. இரு தரப்பாகப் பிரிந்து ஒரு தரப்பு வட்டமிட்டு ஓட, மற்றது இரும்பு முனை இல்லாத ஈட்டிகளை எறியும்; கேடயத்தில் வாங்கித் தாங்க வேண்டும். ‘கன்டாப்ரிய வட்டம்’ என்ற சுற்று, பெயரிலேயே ஸ்பெயின் நாட்டுக் குலத்தைத் தாங்கி நிற்கிறது.

பேரரசர் ஹேட்ரியன் 128ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் லம்பேசிஸ் முகாமில் இத்தகைய பயிற்சிகளை நேரில் பார்த்து ஆற்றிய உரைகள் கல்லில் வெட்டப்பட்டன. கோஹோர்ட் குதிரைக்காரர்களிடம் அவர் பேசியது கவனிக்கத்தக்கது. ஆலா வீரர்கள் ஆடி முடித்தபின் களம் இறங்கிப் பெயர் வாங்குவது கடினம். ஓடும் பரப்பும் குறைவு, ஈட்டி எறிவோரும் குறைவு. குதிரைகளின் தோற்றமும் ஆயுதங்களின் தரமும் சம்பளத்துக்குத் தக்கபடிதான் இருக்கும். அப்படியிருந்தும் உங்கள் உற்சாகத்தால் அந்தக் குறையைப் போக்கினீர்கள் என்று தட்டிக்கொடுக்கிறார். பேரரசரே ஒப்புக்கொண்டதால் சம்பளப் படிக்கேற்பத் தளவாடம் வேறுபட்டது என்பதில் ஐயமில்லை.

வீரனின் சொத்து, படையின் கணக்கு

ஆயுதம் பெரும்பாலும் வீரனின் பொறுப்பு. அதன் விலை அவன் சம்பளத்தில் கழியும். தலைக்கவசங்களிலும் சேண அணிகளிலும் உரியவன் பெயரும் அணித்தலைவர் பெயரும் ஊசியால் குத்தியிருப்பது இதனால்தான். சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஒருவன் ஓய்வுபெற்றாலோ இறந்தாலோ அடுத்தவன் வாங்கிக்கொள்வான். எகிப்தில் கி.பி. 27இல் எழுதப்பட்ட ஒரு கடன் பத்திரத்தில், குதிரை வீரன் ஒருவன் சக வீரனிடம் பணம் வாங்கிக்கொண்டு வெள்ளி வேலைப்பாடுள்ள தலைக்கவசத்தையும் தந்தம் பதித்த குத்துவாள் உறையையும் அடகு வைத்திருக்கிறான். தளவாடத்தில் வெள்ளி பூசியதற்குப் பகட்டு ஒரு காரணம். ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும் சேமிப்பாகவும் அது இருந்தது.

குதிரைக்கும் கணக்கு உண்டு. சிரியாவின் தூரா யூரோப்போஸில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் 20ஆம் பல்மைரா கோஹோர்ட்டின் குதிரைப் பதிவேடுகள் உள்ளன. குதிரையின் வயது, நிறம், சூட்டுக்குறி, ஒப்புதல் அளித்த ஆளுநர் பெயர் எல்லாம் அதில் வரும். விலை 125 தினாரி. குதிரையின் தங்குமிடமும் இப்போது தெளிவாகியிருக்கிறது. இங்கிலாந்தின் வால்சென்ட் கோட்டையில் 1990களின் இறுதியில் நடந்த அகழ்வில், ஒரே கூரைக்குக் கீழ் முன்னறையில் மூன்று குதிரைகள், பின்னறையில் மூன்று வீரர்கள் என்ற அமைப்பு வெளிப்பட்டது. முன்னறைத் தரையில் குதிரை மூத்திரம் வடிய வெட்டிய குழிகளே அது லாயம் என்பதைக் காட்டிக்கொடுத்தன.

25 ஆண்டுப் பணிக்குப் பிறகு ரோமானியக் குடியுரிமை கிடைக்கும். அதற்கு வெண்கலத் தகட்டில் சான்றிதழ் உண்டு. 103ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்தகைய தகடு ஒன்று இங்கிலாந்தின் மால்பஸில் கிடைத்தது. பன்னோனியத் தம்பியானா பிரிவில் அணித்தலைவராக இருந்த ரெபுர்ரஸ் என்ற ஸ்பானியருக்கு உரியது அது.

ஒரு பிரிவின் கதை: பெட்ரியானா

நிறுவனத்தின் வளர்ச்சியை ஒரே பிரிவில் பார்க்க வேண்டுமானால் பெட்ரியானாவைப் பார்க்கலாம். கால் நாட்டில் திரட்டப்பட்டு, பெட்ரா என்ற தளபதியின் பெயரைத் தாங்கிய பிரிவு அது. 69ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் விட்டெலியஸ் தரப்பின் முன்னணியில் இத்தாலிக்குள் நுழைந்ததை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். பின்னர் பிரிட்டனுக்கு வந்தது. அதன் கொடி தாங்கியான ஃபிளாவினஸ் 7 ஆண்டு பணியில் 25 வயதில் இறந்தான். 1881இல் ஹெக்சம் மடாலயத்தில் கண்டெடுக்கப்பட்ட அவனுடைய உயர்ந்த கல்லறைக் கல்லில், குஞ்சம் வைத்த தலைக்கவசத்தோடும் முகம் பொறித்த வட்டக் கொடிச்சின்னத்தோடும் குதிரையில் பாய்கிறான். முதல் நூற்றாண்டின் இறுதிக்குள் பெட்ரியானா ஆயிரவர் பிரிவாக உயர்ந்தது. பிரிவு முழுவதற்கும் குடியுரிமை கிடைத்தது. வீரத்துக்கான கழுத்தணி விருதை இருமுறை பெற்றது. பிரிட்டனின் வட எல்லையில் இருந்த ஹேட்ரியன் சுவரின் மிகப் பெரிய கோட்டையான ஸ்டான்விக்ஸ் அதன் தளமாயிற்று.

நிறைவாக

212இல் பேரரசர் காரகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை வழங்கினார். லீஜியன் குடிமகனுக்கு, துணைப்படை அந்நியனுக்கு என்ற பழைய வேலி அதோடு விழுந்தது. ஆயுதத்தில் அந்த வேலி அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது. 3ஆம் நூற்றாண்டில் குட்டை வாள் மறைந்து, குதிரைக்காரனின் ஸ்பாத்தாவே லீஜியன் காலாளின் இடுப்பிலும் ஏறியது. அவனுடைய பழைய வளைகேடயத்தின் இடத்தை நீள்வட்டக் கேடயம் பிடித்துக்கொண்டது. துணைக்கு வந்தவர்களின் தளவாடமே படை முழுவதற்கும் பொதுவாகிவிட்டது.

பெட்ரியானா அப்போதும் கலையவில்லை. கி.பி. 400ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட அரசுப் பதவிப் பட்டியலில் பெட்ரியானா பிரிவின் தளபதி என்ற பதவி இடம்பெற்றிருக்கிறது. இடத்தின் பெயரும் பெட்ரியானா என்றே பதிவாகியிருக்கிறது. வாள் மாறியது, வேல் மாறியது, வீரர்களின் இனமும் மாறியது. பட்டியல் போடும் பழக்கம் மட்டும் மாறாமல் இருந்ததால் ஒரு படைப்பிரிவு தன் பெயரோடு நானூறு ஆண்டுகளை எட்டிப்பிடிக்க முடிந்தது.